தோட்டத்து உரவாளியில் நம் வீட்டுச் சமையலறைக் கழிவில் எதையெல்லாம் போடலாம்?

மாலா_யீஷூன்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது சிங்கப்பூர் யீஷூனில் பழைய வீவக (அரசு அடுக்குமாடி) நான்கறை வீடு. சமையலறைக்குள்ளேயே சூட், அதாவது குப்பையைக் கீழே தள்ளும் குழாய், இருக்கிற காலத்து வீடு. மூடியைத் திறந்து போட்டால் வேலை முடிந்தது. இத்தனை வருஷமாக அப்படித்தான் ஓடியது. இப்போது புளோக்குக்குக் கீழே உள்ள சமூகத் தோட்டத்துக்காரர்கள் வீட்டுக் காய்கறிக் கழிவை வாங்கிக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார்கள். புதன், சனி காலையில் தோட்டத்துக் கதவுக்கு வெளியே, நடைபாதை ஓரமாக, மூடி போட்ட வாளிகளை வைத்துவிடுகிறார்கள். நாம் பிரித்து வைத்ததைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வரலாம். உரம் தயாரானதும் கொடுத்தவர்களுக்கும் ஒரு பை உண்டாம். என் பால்கனித் துளசிக்கு ஆகுமே என்று நானும் பெயர் கொடுத்துவிட்டேன்.

கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். ஆப்பிள் தோல், கீரைத் தண்டு, காப்பித் தூள், முட்டை ஓடு சரி. இறைச்சி, மீன், எண்ணெய், சமைத்த உணவு வேண்டாம். படத்தில் பெரிதாக ஒரு அவகாடோ. எங்கள் வீட்டுக்குள் அவகாடோ வந்ததே கிடையாது. வருவதெல்லாம் வேறு. புளி கரைத்த சக்கை, தேங்காய்ப்பால் பிழிந்த சக்கை, சிரட்டை, கறிவேப்பிலை ஈர்க்கு, சாம்பாரில் மென்று துப்பிய முருங்கைக்காய், வெள்ளிக்கிழமை சாப்பிட்ட வாழை இலை, பாலோடு கொதித்த டீத்தூள், புளித்துப்போன தோசைமாவு, சாமிக்குப் போட்ட பூச்சரம். இதற்கெல்லாம் தாளில் பதில் இல்லை. தோட்டத்தில் இருக்கும் சீன ஆன்ட்டியிடம் முருங்கைக்காய்ச் சக்கையை எப்படி விளக்குவது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

இன்னொரு குழப்பம். மகள் நியூயார்க்கில், குவீன்ஸ் பகுதியில் இருக்கிறாள். அங்கே வீட்டு வாசலில் பழுப்பு நிறத் தொட்டி வைத்தால் நகராட்சி லாரி வந்து எடுத்துக்கொண்டு போகிறதாம். பிரியாணி எலும்பு, மிச்சச் சோறு, எண்ணெய்ப் பிசுக்கான பிட்சா அட்டை எல்லாவற்றையும் அதிலேயே போடுகிறாள். "நீங்கள் மட்டும் ஏன் இவ்வளவு பயப்படுகிறீர்கள்?" என்று சிரிக்கிறாள். அவள் சொல்வது சரியா, தாளில் இருப்பது சரியா?

மாமியாருக்கு இரண்டு ஆட்சேபம். ஒன்று கரப்பான். இரண்டாவது, சாமிப் பூவை வெங்காயத் தோலோடு ஒரே வாளியில் போடக் கூடாது. இரண்டுக்கும் பதில் கிடைத்தால்தான் வீட்டில் இந்த வாளி நிலைக்கும்.


நேர்ப்பேச்சு

அக்கா, தப்பாக நினைக்காதீர்கள். இவ்வளவு சிரமம் எதற்கு? சூட்டில் போட்டாலும் அது எங்கோ மேட்டில் கிடந்து நாறப்போவதில்லை. இங்கே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். எரித்தால் கன அளவில் பத்தில் ஒரு பங்கு சாம்பல்தான் மிஞ்சும், அதையும் படகில் கொண்டுபோய் புலாவ் செமக்காவ் தீவுக் குப்பைக்கிடங்கில் கொட்டுகிறார்கள். நம் வீட்டுக் கத்தரிக்காய்க் காம்பு அதில் என்ன கூட்டப் போகிறது, என்ன குறைக்கப் போகிறது? வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆறரை மணிக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்க நேரம் இருக்கிறதா?


கறிவேப்பிலை_புக்கிட்_பாத்தோக்

மாலாம்மா, நான் புக்கிட் பாத்தோக்கில் எங்கள் புளோக்குத் தோட்டத்தின் உரத்தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவன். ஓய்வு பெற்ற ஆள், நேரம் இருக்கிறது. உங்கள் பட்டியலைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. இதே பொருள்கள்தான் எங்கள் வாளியிலும் வந்து விழுகின்றன, முருங்கைக்காய்ச் சக்கை உட்பட.

உங்கள் மகள் சொல்வதும் சரி, தாளில் இருப்பதும் சரி. வாளி கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் கேள்வி. அது தெரிந்துவிட்டால் எதைப் போடலாம் என்பது பெரும்பாலும் உங்களுக்கே விளங்கிவிடும்.

நியூயார்க்கில் குவீன்ஸுக்கு இந்தச் சேவை 2022-இல் வந்தது, 2024 அக்டோபரிலிருந்து நகரம் முழுக்கப் பிரித்துப் போடுவது கட்டாயம். அங்கே சேரும் கழிவில் ஒரு பகுதி ஸ்டேட்டன் தீவில் உள்ள பெரிய உரக்களத்துக்குப் போகிறது. இயந்திரம் வைத்து மலைபோலக் குவித்துப் புரட்டுவார்கள். அவ்வளவு பெரிய குவியல் உள்ளுக்குள் 55, 60 டிகிரி சூடு பிடிக்கும். அந்தச் சூட்டில் கிருமி சாகும், எலும்பில் ஒட்டிய சதையும் கரையும். இன்னொரு பகுதி புரூக்லினில் நியூடவுன் கிரீக் கழிவுநீர் நிலையத்துக்குப் போகிறது. முட்டை வடிவத்தில் பெரிய பெரிய கலன்கள் இருக்கும். காற்றே புகாமல் சாக்கடைக் கசடோடு சேர்த்து நொதிக்க வைத்து எரிவாயு எடுக்கிறார்கள். அங்கே எண்ணெய் போனாலும் நல்லதுதான், வாயு கூடுதலாகக் கிடைக்கும்.

உங்கள் வாளி போவது கதவிலிருந்து பத்தடி தள்ளியிருக்கும் ஒரு தொட்டிக்கு. எங்களுடையதும் அப்படித்தான், இடுப்பளவு உயரம், மேலே பலகை மூடி. அதை நாலு ஓய்வு பெற்ற ஆட்கள் முள்கரண்டி வைத்துப் புரட்டுகிறோம். நல்ல நாளில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான். மாமிசத்தைக் கரைக்கும் சூடு அதில் கிடையாது. போட்டால் முதலில் எலிக்குத்தான் தகவல் போகும், அப்புறம் நகர மன்றத்துக்கு. ஒரு எலியைப் பார்த்ததாக யாராவது புகார் கொடுத்தால் தோட்டத்து உரத்தொட்டியையே மூடச் சொல்லிவிடுவார்கள். தாள் கண்டிப்பாக இருப்பது அதனால்தான்.

இனி உங்கள் பொருள்களுக்கு வருகிறேன்.

கறிவேப்பிலை ஈர்க்கு, கொத்தமல்லி வேர், கீரைத் தண்டு, கத்தரிக்காய்க் காம்பு, வெண்டைக்காய் முனை, வாழைப்பழத் தோல் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். ஈர்க்கு மட்டும் மக்க நாளாகும், இரண்டாக ஒடித்துப் போட்டால் நல்லது. வெங்காயத் தோல், பூண்டுத் தோல் போடலாம். எலுமிச்சைத் தோல் வீட்டு அளவுக்குப் பரவாயில்லை. ஊறுகாய் போட்ட நாளில் ஒரு கூடை நிறையக் கொண்டுவராதீர்கள், புளிப்பு அதிகமானால் மண்புழு கிட்டவே வராது. புளிச்சக்கைக்கும் இதே கணக்கு. கரைத்துப் பிழிந்த சக்கை ஒரு கைப்பிடி என்றால் சரி. கொட்டை முளைத்துவிடும், எங்கள் தொட்டியில் புளியங்கன்று வருவது சாதாரணம். எடுத்துப் போட்டுவிடுவோம்.

தேங்காய்ச் சக்கைதான் எனக்கு இரண்டு மனம். பால் பிழிந்த பிறகும் அதில் கொழுப்பு மிச்சம் இருக்கும், மொத்தமாகக் கொட்டினால் கட்டி பிடித்துப் புளித்த வாடை வரும். கொஞ்சமாக, காய்ந்த இலையோடு கலந்து போட்டால் ஒன்றும் ஆகாது. சிரட்டையைக் கொண்டுவரவே வேண்டாம். வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். நாரை வேண்டுமானால் தனியாகக் கொடுங்கள், ஆர்கிட் வளர்ப்பவர் எங்கள் தோட்டத்தில் ஒருவர் அதற்கு அலைகிறார்.

முருங்கைக்காய்ச் சக்கை வேண்டாம். சாம்பாரில் வெந்ததால் உப்பும் எண்ணெயும் ஏறியிருக்கும். உப்பு உரத்தில் சேர்ந்தால் செடியின் வேர் தண்ணீரை இழுக்கத் திணறும், இலை நுனி கருகும். எண்ணெய் ஒரு படலமாக மூடிக் காற்றைத் தடுத்துவிடும், காற்று இல்லாத இடத்தில்தான் நாற்றம் பிறக்கிறது. சமைத்த உணவு வேண்டாம் என்பதன் பொருள் இந்த இரண்டும்தான், வெந்ததால் தீட்டு ஒன்றும் இல்லை. உப்பில்லாமல் வேகவைத்த உருளைக்கிழங்கின் தோலை நான் தாராளமாக வாங்கிக்கொள்வேன்.

வாழை இலை, சாப்பிட்டதாக இருந்தால் குழாயடியில் ஒரு முறை அலசுங்கள். நடு நரம்பைக் கிள்ளி எடுத்து, இலையைக் கிழித்துப் போடுங்கள். முழு இலையாகப் போட்டால் தொட்டிக்குள் பிளாஸ்டிக் விரித்ததுபோலப் படிந்து, கீழே இருப்பதை மூச்சுவிடாமல் செய்துவிடும்.

பால் டீத்தூளை வடிகட்டியிலேயே ஒரு தடவை அலசிப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். டிகாக்ஷன் இறக்கிய காப்பித் தூளுக்கு அதுவும் தேவையில்லை, அது எங்களுக்குத் தங்கம். டீ பை என்றால் கவனம், சில பைகளில் பிளாஸ்டிக் இழை இருக்கும். கிழித்துத் தூளை மட்டும் கொட்டுங்கள். முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து நொறுக்குங்கள். முழு ஓடாகப் போட்டால் அடுத்த தீபாவளிக்கும் முழு ஓடாகவே இருக்கும்.

தோசைமாவைப் பற்றி என்ன சொல்ல? வாளியில் போடாதீர்கள். உப்புப் போட்டு அரைத்த மாவு, ஏற்கெனவே நொதித்துக்கொண்டிருப்பது வேறு. சிங்கப்பூர் வெயிலில் வாளிக்குள் பொங்கி மூடியைத் தூக்கிவிடும். புளித்த மாவில் வெங்காயம், பச்சைமிளகாய் நறுக்கிப் போட்டு ஊத்தப்பம் ஊற்றினால் மிச்சமே இருக்காது என்பது என் வீட்டம்மாவின் தீர்ப்பு.

கழிவைவிட எங்களுக்குத் தலைவலி கொடுப்பது அதோடு வருவதுதான். ஆப்பிள், ஆரஞ்சு மேல் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கர், கீரைக்கட்டின் ரப்பர் வளையம், கட்டிய பிளாஸ்டிக் பையோடு அப்படியே போடுவது. "மக்கும் பை" என்று அச்சடித்த பையும் எங்கள் தொட்டியில் மக்குவதில்லை, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பெரிய குவியலின் சூடு வேண்டும். பழைய பேப்பரில் மடித்துக் கொண்டுவாருங்கள், பேப்பரோடு போட்டுவிடலாம். தமிழ் முரசு தாளாக இருந்தாலும் சரி.

பேப்பரும் காய்ந்த இலையும் எங்களுக்குக் கட்டாயம் வேண்டும். வீட்டிலிருந்து வருவது எல்லாம் ஈரம், நைட்ரஜன் அதிகம். அதற்கு மேல் கார்பன் சேராவிட்டால் சேறாகிவிடும். புத்தகக் கணக்கு கார்பன் 25 முதல் 30 பங்கு, நைட்ரஜன் ஒரு பங்கு. நடைமுறையில் ஒரு வாளி காய்கறிக் கழிவுக்கு இரண்டு வாளி காய்ந்த இலை போடுகிறோம். நல்லவேளையாக இலைக்கு இங்கே பஞ்சமில்லை. எங்கள் புளோக்கைக் கூட்டும் தம்பி பட்டுக்கோட்டைப் பக்கம், ஊரில் எருக்குழி பார்த்து வளர்ந்தவன். தூங்குமூஞ்சி மரத்து இலையைக் குப்பையில் சேர்க்காமல் கோணியில் கட்டி எங்கள் கதவோரம் வைத்துவிட்டுப் போகிறான். எங்கள் தோட்டம் ஓடுவதில் பாதிப் பங்கு அவனுடையது. கூட்டத்தில் நன்றி சொல்லும்போது மட்டும் யாருக்கும் அவன் ஞாபகம் வருவதில்லை.

நேர்ப்பேச்சுத் தம்பி, உங்கள் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. காய்கறித் தோல் எரிந்தால் சாம்பல் கொஞ்சம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். எரிக்கிற இடத்தில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சூடு போய்விடுகிறது. செமக்காவ் 1999-இல் திறந்தது, 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். 2023-இல் இந்த நாட்டில் உணவுக் கழிவு மட்டும் 7,55,000 டன், அதில் மறுசுழற்சிக்குப் போனது 18 விழுக்காடு. பெரிய ஹோட்டல்களும் கடைத்தொகுதிகளும் 2024 முதல் உணவுக் கழிவைத் தனியாகப் பிரித்துப் பதப்படுத்தியாக வேண்டும் என்று சட்டம். வீட்டுக்கு அப்படி எதுவும் இல்லை, லாரியும் வராது. இருப்பது தோட்டத்து வாளி. எனக்கு அதைவிட எளிய காரணம் ஒன்று: கடையில் மண்ணையும் உரத்தையும் பையில் கட்டிக் காசு கொடுத்து வாங்குகிறோம், வீட்டில் உரமாகக்கூடியதைக் குப்பைக் குழாயில் தள்ளுகிறோம். என் கஞ்சத்தனத்துக்கு அது ஒத்துவரவில்லை. உங்களுக்கு ஆறரை மணிக்கு முடியாது என்றால் போடாதீர்கள், யாரும் கேட்கப்போவதில்லை.


சோலில்_ஏழு_வருஷம்

பெரியவர் சொன்ன "எங்கே போகிறது" என்பதற்குத் தென்கொரியா நல்ல உதாரணம். வேலைக்காக சோலில் இருந்தேன். அங்கே 2005-லேயே உணவுக் கழிவை நேராக நிலத்தில் புதைக்கத் தடை வந்துவிட்டது. 2013-லிருந்து எவ்வளவு போடுகிறோமோ அவ்வளவுக்குக் காசு. எங்கள் அடுக்குமாடியில் தொட்டிக்கு முன்னால் அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும், கொட்டியதும் எடை காட்டும், மாதக் கடைசியில் பில்லில் ஏறும். எடைக்குக் காசு என்றதும் கொட்டுவதற்கு முன் தண்ணீரை வடிக்கும் பழக்கம் எனக்குத் தானாக வந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், மாலா அக்காவின் தாளில் சரி என்று போட்டிருக்கும் முட்டை ஓடும் டீத்தூளும் வெங்காயத் தோலும் அங்கே உணவுக் கழிவுத் தொட்டியில் போடக் கூடாது. மிச்சச் சோறு, காய்கறிப் பொரியல் போடலாம். ஏனென்றால் அந்தக் கழிவில் கணிசமான பகுதி கால்நடைத் தீவனமாகப் போகிறது. "மிருகம் தின்னுமா?" என்று யோசித்துப் போடு என்றுதான் பக்கத்து வீட்டுப் பாட்டி எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கோழி எலும்பு, சிப்பி ஓடு, மாம்பழக் கொட்டை எதுவும் சேராது. கனடாவில் டொரோண்டோவில் நேர் எதிர், அங்கே பச்சைத் தொட்டியில் குழந்தை டயப்பரைக்கூடப் போடலாம். சேரும் இடத்தில் இயந்திரம் பிளாஸ்டிக்கைப் பிரித்துவிடுகிறது. ஒரு ஊர்ப் பட்டியலை இன்னொரு ஊரில் ஒட்டக் கூடாது.

இங்கேயும் நியூயார்க் மாதிரி ஒரு வழி வருகிறது. துவாஸ் நெக்சஸ் என்று ஒரு பெரிய கழிவு நிலையம் கட்டிக்கொண்டிருக்கிறார்களே, அதில் கழிவுநீர்க் கசடையும் உணவுக் கழிவையும் சேர்த்து நொதிக்கவைத்து வாயு எடுப்பதுதான் திட்டம். உலு பாண்டான் கழிவுநீர் நிலையத்தில் 2016-இலேயே சோதனை ஆரம்பித்தார்கள். அதே வருஷம் தியோங் பாருவிலும் அங் மோ கியோ புளோக் 628-இலும் உணவங்காடி நிலையங்களில் கழிவை அங்கேயே பதப்படுத்தும் இயந்திரம் வைத்துப் பார்த்தார்கள். வீட்டுக் கழிவுக்கும் அப்படி ஒரு வசதி வந்தால் எலும்பும் சோறும் போடலாம். அதுவரை பெரியவர் சொன்னபடி.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: தோட்டத்து வாளி கிடைக்காத நாளில் புளோக்கடி நீலத் தொட்டியில் போடுவது. அது காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகத்துக்கு. அதில் விழுவதில் சுமார் 40 விழுக்காடு ஏற்கெனவே அழுக்காகி மறுசுழற்சிக்கு உதவாமல் போகிறது. சாப்பாடு பட்ட காகிதமும் அப்படி உதவாமல் போவதில் சேர்த்தி.


மாலா_யீஷூன்

ஐயா, தம்பி, ரொம்ப நன்றி. முருங்கைக்காய்க்கு இவ்வளவு தெளிவாகப் பதில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. மகளுக்கும் அனுப்பிவிட்டேன், முட்டைக் கலன் விஷயம் அவளுக்கே தெரியாதாம்.

மாமியாரின் இரண்டு ஆட்சேபம் அப்படியே நிற்கிறது. புதனுக்கும் சனிக்கும் நடுவில் மூன்று நாள் வீட்டில் வைத்திருக்க வேண்டுமே. எங்கள் பழைய சூட்டில் ஏற்கெனவே கரப்பான் வரும். ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்று யாரோ சொன்னதற்கு, "குப்பையையும் பாலையும் ஒன்றாக வைப்பாயா?" என்று கேட்டுவிட்டார். பூ விஷயத்தில் நானும் அவர் பக்கம்தான். அப்புறம் மிச்சச் சோறு, குழம்புக்கு வீட்டிலேயே ஏதாவது வழி உண்டா?


கறிவேப்பிலை_புக்கிட்_பாத்தோக்

பாலோடு வைக்க வேண்டாம், அவர் சொல்வது சரி. உறைபெட்டியில் வைக்கிறவர்கள் உண்டு, ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு. உறைந்தால் வாடையும் இல்லை, பூச்சியும் இல்லை, கரையும்போது சீக்கிரம் மக்கவும் செய்யும். அது ஒத்துவராத வீட்டுக்கு வேறு வழி. கரப்பானையும் பழ ஈயையும் கூப்பிடுவது ஈரம்தான். அடியில் ஓட்டை உள்ள சின்னக் கூடை, அதற்குள் பேப்பர் விரித்து, நறுக்கிய கழிவைப் போடுங்கள். மேலே ஒரு பிடி காய்ந்த இலை அல்லது கிழித்த பேப்பர். ஒவ்வொரு முறை போடும்போதும் இப்படி. இரவில் மூடியுள்ள டப்பாவுக்குள் கூடையை இறக்கிவையுங்கள். பழத் தோலை மட்டும் கொண்டுபோகும் நாளுக்கு முந்தின இரவில் சேருங்கள், ஈ முட்டையிடுவது அதில்தான். அடியில் வடியும் தண்ணீரைத் தேங்கவிடாதீர்கள், தினம் கொட்டிவிடுங்கள். பால்கனியில் வைத்தால் மூடியின் மேல் மழைநீர் நிற்கிறதா என்று பாருங்கள். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது போதும், சோதனைக்கு வருகிறவர்களுக்கும் அது போதும். வெளித் தாழ்வாரத்தில் வாளி வைப்பதையும் தவிருங்கள். தீயணைப்பு விதிப்படி 1.2 மீட்டர் வழி விட வேண்டும். அதைவிட, பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளித்தால் எல்லாம் முடிந்தது.

பூவுக்கு எங்கள் தோட்டத்தில் தனி ஏற்பாடு. எங்களிடம் வருபவர்களில் பாதிப் பேர் தமிழர்கள், எல்லார் வீட்டிலும் இதே பேச்சுதான். செம்பருத்திக்குப் பின்னால், யாரும் கால் வைக்காத மூலையில், செங்கல் அடுக்கிச் சின்னதாக ஒரு குழி. அதில் பூவும் வில்வமும் துளசியும் மட்டும். வெங்காயத் தோல் சேராது. வாழை நாரில் தொடுத்த சரம் அப்படியே போகலாம். நைலான் நூல், ஜரிகை, பிளாஸ்டிக் மணி இருந்தால் வீட்டிலேயே உருவிவிட்டுக் கொண்டுவர வேண்டும். லிட்டில் இந்தியா தேக்காவில் வாங்கும் பெரிய மாலைகளில் இப்போது அதுதான் அதிகம். சீன நண்பர்கள் கோயிலுக்கு வாங்கிய செவ்வந்தியையும் அதிலேயே போடுகிறார்கள். குழி நிரம்பினால் மண்ணைப் போட்டு மூடிவிட்டு அடுத்ததைத் தோண்டுவோம். உங்கள் தோட்டத்து ஆன்ட்டியிடம் கேட்டுப் பாருங்கள். இடம் கேட்பது ஒரு முழம்தான், மறுக்க மாட்டார். பொங்கலுக்கு வரும் மஞ்சள் கொத்தும் கரும்புச் சக்கையும் பொதுத் தொட்டிக்கே வரலாம், சக்கை நல்ல கார்பன்.

மிச்சக் குழம்புக்கு என்னிடம் வழி இல்லை. அளவாகச் சமைப்பதைத் தவிர. யாராவது போகாஷி போடுகிறவர்கள் சொல்லுங்கள்.


மண்புழு_ரசிகை

நான் போடுகிறேன், மூன்றறை வீட்டில், இரண்டு பிள்ளைகளோடு. போகாஷி என்பது காற்றுப் புகாத வாளி, அடியில் குழாய். நன்மை செய்யும் நுண்ணுயிர் கலந்த தவிட்டை ஒவ்வொரு அடுக்கு உணவுக்கும் மேலே தூவ வேண்டும். சோறு, சப்பாத்தி, கோழித் துண்டு, மீன் முள் எல்லாம் போடலாம். குழம்பாக ஊற்றக் கூடாது, வடித்துவிட்டுக் கட்டியை மட்டும். நிரம்பியதும் இரண்டு வாரம் மூடிவைக்க வேண்டும். திறந்தால் ஊறுகாய் வாடை வரும், அழுகிய வாடை வந்தால் தவிடு போதவில்லை என்று அர்த்தம். அடியில் வடிவதை நூறு பங்கு தண்ணீரில் கலந்து செடிக்கு ஊற்றலாம்.

வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது, விற்கிறவர்கள் அதை மெதுவாகத்தான் சொல்வார்கள். இரண்டு வாரம் கழித்து வருவது உரம் இல்லை, ஊறிய உணவு. அதை மண்ணில் புதைத்து இன்னும் சில வாரம் விட வேண்டும். மண்ணுக்கு எங்கே போவது? நான் பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் பழைய தொட்டி மண் போட்டு அதில் புதைக்கிறேன். உப்பு அதில் இருக்கத்தான் செய்யும், ஆகவே அந்த மண்ணைக் கீரைக்குப் போடுவதில்லை, வாழைக்கும் செம்பருத்திக்கும்தான். தோட்டத்தில் கேட்காமல் கொண்டுபோய்ப் புதைக்காதீர்கள், பெருச்சாளி தோண்டிவிடும்.

கருப்பாக, குளவி மாதிரி ஒரு ஈ வந்தால் பயந்து மருந்து அடிக்காதீர்கள். அது கருப்புப் படைவீரன் ஈ. கடிக்காது, உணவின் மேல் உட்கார்ந்து நோய் பரப்பாது. அதன் புழு கழிவைத் தின்று தீர்த்துவிடும். பார்க்கத்தான் ஒரு மாதிரி இருக்கும். என் மாமியார் ஒரு தடவை பார்த்துவிட்டு அந்தப் பால்கனிக்கே வருவதில்லை.


நேர்ப்பேச்சு

சரி, தோற்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மட்டும் என்றால் நானும் கொண்டுபோகலாம். டுரியான் தோல் வாங்கிக்கொள்வார்களா? எங்கள் வீட்டில் ஜூன், ஜூலையில் அதுதான் குப்பை.


கறிவேப்பிலை_புக்கிட்_பாத்தோக்

டுரியான் தோலை அப்படியே கொண்டுவந்தால் கதவிலேயே திருப்பி அனுப்புவேன் தம்பி. முள் கையைக் கிழிக்கும், தடித்த தோல் மக்கவும் மாதக்கணக்காகும். உள்ளங்கை அளவுக்கு வெட்டி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வேன், காய்ந்த பிறகு அது இலைக்குச் சமம். கொட்டை வேண்டாம், முளைக்கும். பலாக்கொட்டையும் அப்படித்தான், ஆனால் அதை யார் குப்பையில் போடுகிறார்கள்?

உங்கள் பக்கத்தில் எந்தத் தோட்டம் என்று முதலில் விசாரியுங்கள். எல்லாத் தோட்டமும் வெளியாரிடம் வாங்குவதில்லை, சிலவற்றில் அவர்கள் செடிக் கழிவுக்கே தொட்டி போதாது. காலையில் யாராவது தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள், கேட்டாலே போதும். முதல் தடவை சின்ன டப்பாவில் கொண்டுபோய்க் காட்டுங்கள், அவர்கள் தொட்டிக்கு எது ஒத்துவரும் என்று அவர்களே சொல்வார்கள்.